பழைய போனோடு கடன் கொப்பியையும் விற்கலாமா?

அக்குறணையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், கண்டி நகரில் பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கினார். புதியதில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்து, வந்த 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்றும் பார்த்தார். கெட்டிக்காரர்தான். பழையதைத்தான் மறந்துவிட்டார்.

இரண்டு நாளில் பதறிக்கொண்டு வந்தார். யார் எவ்வளவு பாக்கி, எந்தக் காசோலைக்கு எந்தத் திகதி, எல்லாம் அதில் படங்களாக! வீட்டாரின் படங்களும் அதில்தான்.

வட்ஸ்அப்பை நீக்கினால் போதும் என்று நினைத்தாராம். கெமராவில் எடுத்த படங்கள் அதோடு போகுமா? கடன் கொப்பியை யாராவது பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துப் போடுவோமா?

தேவையானதைப் புதிய போனுக்கு மாற்றுங்கள். சிம், மெமரி காட் இரண்டையும் கழற்றுங்கள். கூகுள் கணக்கை நீக்கி, பிறகு பெக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காவிட்டால் வாங்கியவருக்குப் போன் திறக்காமல் போகலாம். அவரும் உங்களைத் தேடி வருவார்.

உண்மையில் பட்டரியை மாற்றியிருந்தாலே அந்தப் போன் இன்னும் ஓடியிருக்கும். அது வேறு கதை.

நல்ல வேளை, போன் கடைக் கண்ணாடிப் பெட்டியிலேயே இருந்தது. விற்ற விலைக்கு மேல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துத் திருப்பி வாங்கினார்.