பாட்டியின் பட்டுப்புடவை... 48 துண்டுகள்... ஒரு போர்வை!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் ஒரு பட்டுப்புடவை இருக்கிறதா? வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, யாரும் கட்டாமல், யாருக்கும் கொடுக்க மனசு வராமல்? பிரித்தால் மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கும். ஜரிகை கறுத்திருக்கும். ஆனால் அந்த அரக்கு நிறம் மட்டும் பாட்டியின் கல்யாண போட்டோவில் பார்த்த மாதிரியே பளிச்சென்று நிற்கும்.

அந்தப் புடவைக்கு வழக்கமாக இரண்டு கதிதான். ஒன்று, அப்படியே இற்றுப்போவது. இன்னொன்று, ‘பழைய பட்டுப்புடவைக்குப் பணம்’ என்று தெருவில் கூவி வருபவரிடம் போய்ச் சேருவது. அவர் வாங்குவது புடவைக்காக அல்ல, ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக. பட்டை எரித்து, மிஞ்சும் வெள்ளியை உருக்கி எடுத்துக்கொள்வார்கள். வெள்ளி விலை ஏற ஏற, பீரோவில் இருக்கும் பழைய புடவைகளின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது!

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. இற்ற இடத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல இடங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி, நிதானமாகத் தைத்து ஒரு போர்வை ஆக்குவது. அவசரப்பட்டால் கெட்டுப்போகும் வேலை இது. ஆனால், பொறுமையாகச் செய்தால் ஒரு மண்டலத்தில் முடிந்துவிடும்.

வெட்டாமலே ஒட்டுப்போட்ட ஊர்

துண்டுகளை இணைத்து ஒரே துணியாக்கும் வித்தை காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. காஞ்சிப் பட்டின் பெருமையே அதன் இணைப்பில்தான் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரண்டு கரைகளும் வேறு நிறம். இதை ‘கோர்வை’ என்பார்கள். உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் நெய்பவரோடு, மறுபக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவரும் உட்காருவார். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ‘புடவை கிழிந்தாலும் கரை பிரியாது’ என்று சொல்வார்கள்.

முந்தானைக்கும் அப்படியே. வேறு நிற முந்தானை வேண்டுமென்றால், உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்தானைப் பாவின் இழையை முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! அந்த இடத்தில் விரலால் தடவினால் லேசாக ஒரு மேடு தட்டும். கையால் இணைத்ததற்கான அடையாளம் அது. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததன் பின்னால், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த விரல்கள் இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் வேறொரு செய்தியும் கிடைக்கும். காஞ்சி ஒரு காலத்தில் பெரிய பௌத்தத் தலம். மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்தது இங்கேதான். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 7-ம் நூற்றாண்டில் வந்து பார்த்ததும் இந்த ஊரைத்தான். பௌத்தத் துறவிகளின் ஆடை துண்டு துண்டாக வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்த புத்தர், அதுபோலவே ஆடையை அமைக்கும்படி ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் சொல்கிறது. ஒட்டுத் துணி அன்று ஏழ்மையின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. அதற்கு ஒரு மரியாதையும் இருந்தது.

ஊருக்கு ஊர் ஒரு போர்வை

வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, அதன் கரையிலிருந்தே உருவிய நூலால் தைத்தார்கள். அதுதான் ‘காந்தா’. வட கர்நாடகத்தில் ‘கௌதி’. அதே கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் ‘கவண்டி’ இன்னும் விசேஷமானது. ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரங்களைச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். கடைசியாக நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சின்னப் பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் நினைப்பதில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சின்ன ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் குளிருக்காக, கிழிந்த வேலை உடுப்புகளைத் தைத்துப் போர்வையாக்கினார்கள். 2002-ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது!

வெட்டலாமா, கூடாதா?

கத்தரியை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு கோர்வைப் புடவைக்கு இரண்டு பேரின் பத்து, பதினைந்து நாள் உழைப்பு போயிருக்கிறது. ஒருமுறை வெட்டினால் திரும்பாது.

* கட்டக்கூடிய நிலையில் இருந்தால் வெட்டாதீர்கள். பேத்தி கட்டட்டும்.
* ஓரிரு இடம் மட்டும் விட்டிருந்தால் இழை கோத்துச் சரிசெய்ய ஆள் கிடைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.
* பாதி நன்றாக இருந்தால் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை ஆகுமா என்று யோசியுங்கள்.
* மடிப்புகளில் எல்லாம் கிழிந்து, எடுத்தாலே உதிர்கிறது என்றால் மட்டும் போர்வைக்கு எடுங்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டுவிடுவது முக்கியம். பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அந்தப் புடவையில் பங்கு உண்டு. ஒரே புடவைக்கு நான்கு மகள்கள் என்றால், யாருக்கு என்ற சண்டை வருவதைவிட நான்கு போர்வைகளில் அது கலந்து நிற்பது நல்லதுதானே?

ஏன் 48?

2019-ல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனம் நடந்தது நினைவிருக்கும். 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாள், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் காட்சி தந்தார். ‘இன்றைக்கு என்ன நிறப் பட்டு?’ என்று வீட்டில் இருந்தவர்கள்கூட தினமும் போனில் பார்த்தார்கள்.

நம் போர்வைக்கும் அதே கணக்கு. 6 அங்குலச் சதுரங்கள், குறுக்கே 6, நெடுக்கே 8. மொத்தம் 48 சதுரங்கள். முடிந்த போர்வை 36-க்கு 48 அங்குலம் இருக்கும். மடியில் போட்டுக்கொள்ளவும், சோபாவில் விரிக்கவும், சுவரில் மாட்டவும் ஏற்ற அளவு.

மண்டலம் தொடங்கும் முன்

புடவையை ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து ஒதுக்குங்கள். மீதி இடத்தை இரண்டு கைகளாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். ‘சர்ர்’ என்றால் அதுவும் வேண்டாம். அழுக்கு இருந்தால் டிரை கிளீனிங் கொடுங்கள், வீட்டில் துவைக்க வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நாள் 1 முதல் 8 வரை: வெட்டுதல்

கெட்டி அட்டையில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். அட்டையை இழை ஓடும் திசைக்கு நேராக வைப்பது அவசியம். கோணலாக வெட்டினால் துணி இழுபடும். முந்தானை இணைப்பு மேடு துண்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஊசி தடுக்கும்.

ஒரு நாளைக்கு ஆறே துண்டுகள். ஏன் ஒரேயடியாக வெட்டக் கூடாது? வெட்டிய பட்டு ஓரமெல்லாம் பிசிறிவிடும். அதனால் வெட்டிய கையோடு ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் அதே அளவு மெல்லிய காட்டன் லைனிங் துணி வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட வேண்டும். பழைய பட்டுக்கு இந்த லைனிங்தான் முதுகெலும்பு.

நாள் 9 முதல் 16 வரை: வரிசை கோத்தல்

48 துண்டுகளையும் தரையில் பரப்புங்கள். எளிமையான அமைப்பு வேண்டுமென்றால் நம் ஊர் ‘பாலும் பழமும்’ கட்டம் இருக்கவே இருக்கிறது. ஒன்று விட்டு ஒன்று வெளிர் நிறம், அடர் நிறம். ஒரே புடவையில் அத்தனை கிடைக்காது. அம்மாவின் மாம்பழ மஞ்சள், அத்தையின் கிளிப்பச்சை, எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரால் அறியப்படும் ‘எம்.எஸ். ப்ளூ’ என்று கலந்துகொள்ளலாம். போனில் கறுப்பு-வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இருட்டாகக் குவிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

திருப்தியானதும் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய சின்னக் காகிதத்தைக் குத்தி வையுங்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு வரிசை. ஆறு துண்டுகளைக் கால் அங்குலத் தையலில் இணைக்க வேண்டும். ஜரிகை ஊசி முனையை மழுக்கும் என்பதால் புது ஊசியிலேயே ஆரம்பியுங்கள். ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை இடப்பக்கமும், இரட்டைப்படை வரிசைகளை வலப்பக்கமும் படியத் தேயுங்கள். இஸ்திரிப் பெட்டியில் சூடு குறைவாக இருக்கட்டும். மேலே ஒரு காட்டன் துணி போட்டுத் தேயுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

நாள் 17 முதல் 24 வரை: இணைப்பும் அடுக்கும்

எட்டு வரிசைகளுக்கு ஏழு இணைப்புகள். ஒரு நாளைக்கு ஒன்று. எதிரெதிர்ப் பக்கம் மடிப்புகளைத் தேய்த்ததன் பலன் இப்போது தெரியும். சந்திப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும், நான்கு சதுரங்களின் மூலைகளும் ஒரே புள்ளியில் கூடும்.

24-ம் நாள், பாதி மண்டலம். அடியில் 42-க்கு 54 அங்குலத்தில் ஒரு காட்டன் துணி. அதன் மேல் பழைய வேட்டி இரண்டு மடிப்பு. நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சைவிட இதுதான் இதம். எல்லாவற்றுக்கும் மேலே பட்டு. சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டு மூன்றையும் பிடித்து வையுங்கள்.

நாள் 25 முதல் 44 வரை: ஊசியும் நூலும்

இது கைவேலை. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி, மூன்று அடுக்கையும் கோத்து ஓட்டுத் தையல். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று சதுரம் போதும். நடுவில் ஆரம்பித்து வெளியே வர வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சிக்கிக்கொள்ளும்.

இந்த இருபது நாள்தான் போர்வையின் உயிர். வீட்டில் ஆளுக்கொரு சதுரம் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளை போட்ட கோணல் தையலைப் பிரிக்காதீர்கள். இருபது வருஷம் கழித்து எல்லோரும் தேடிப் பார்க்கப்போவது அந்தச் சதுரத்தைத்தான்.

நாள் 45 முதல் 47 வரை: ஓரப்பட்டி

தற்காலிகத் தையல்களைப் பிரித்து, நான்கு பக்கமும் நேராக வெட்டுங்கள். சுற்றளவு 168 அங்குலம். மூலைக்கும் முடிவுக்கும் சேர்த்து 180 அங்குலப் பட்டி வேண்டும். இங்கே ஒரு சின்ன யோசனை: ஐந்தரை மீட்டர் காட்டன் புடவையின் நீளவாக்கில் 2½ அங்குல அகலத்துக்கு ஒரே பட்டியாக வெட்டினால், நடுவில் ஒட்டே தேவைப்படாது!

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அதன் பிசிறு ஓரம் போர்வையின் ஓரத்தோடு சேரும்படி பட்டுப் பக்கத்தில் வைத்து, கால் அங்குலத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, மறுபடி கீழே மடித்துத் தொடர்ந்தால் மூலை கூராக உட்காரும். இது ஒரு நாள் வேலை. அடுத்த இரண்டு நாள், பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங். நாளைக்கு இரண்டு பக்கம்.

நாள் 48: பெயர் எழுதும் நாள்

பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி. அதில் நூலால் எழுதுங்கள்: யாருடைய புடவைகள், தைத்தவர்கள் யார் யார், எந்த வருஷம். புடவையை நெய்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. குறைந்தபட்சம் ‘காஞ்சிபுரம்’ என்று ஊர்ப் பெயராவது அங்கே இருக்கட்டும்.

போர்வையைத் துவைக்க வேண்டாம். நிழலில் உலர்த்தி, தேவைப்பட்டால் டிரை கிளீனிங் கொடுத்தால் போதும். ஜரிகை உறுத்தும் என்பதால் குழந்தைக்குப் போர்த்தும்போது காட்டன் பக்கம் உள்ளே வரட்டும். பீரோவில் வைத்தால் மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். புடவை எந்த இடத்தில் கிழிந்தது என்பது நினைவிருக்கிறதல்லவா?

ஆனால், பீரோவில் வைக்கவே வேண்டாம் என்பதுதான் எங்கள் சிபாரிசு. கட்ட மனசில்லாமல் மடித்து மடித்து வைத்ததில்தான் அந்தப் புடவை இற்றுப்போனது. போர்வையையாவது எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்!