சாயச் சரக்கும் கோடை உஷ்ணமும்

கோடை பிறந்ததும் நம் நெசவாளர் சங்கங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். தீபாவளி விற்பனைக்கான சேலைகளுக்கு நூல் சாயமிடும் வேலை முன்கூட்டியே தொடங்கியாக வேண்டும். அதற்கு வேண்டிய ஹைட்ரோஸ், பெராக்ஸைடு, காஸ்டிக் சோடா முதலியவற்றை எவ்வளவு, எப்போது வாங்குவது என்பதே அப்பேச்சு. "வருஷத்துக்கு வேண்டியதை ஒரே லாரியில் இறக்கிக்கொள்ளுங்கள், விலையைக் குறைத்துத் தருகிறோம்" என்கிறார் வியாபாரி. மொத்தமாக வாங்கி மலிவாகப் பெறுவதுதானே கூட்டுறவின் பயன் என்று நிர்வாகக் குழுவினரும் எண்ணுகிறார்கள். நூலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியே. நூல் கிட்டங்கியில் ஓராண்டு கிடந்தாலும் தானாகச் சூடேறப் போவதில்லை. ஹைட்ரோஸ் போன்ற சரக்குகளின் தன்மை வேறு. அவற்றை வருஷக் கணக்கில் வாங்கிக் குவிப்பது கூடாது என்பதே நம் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

நம்மில் விவசாயிகளாயிருப்போருக்கு இது புதிய சங்கதி அன்று. கார் அறுவடையின்போது மழையில் நனைந்த வைக்கோலைக் காயவிடாமல் போராக வேய்ந்துவிட்டால் என்ன நேரும்? சில நாள் கழித்துப் போருக்குள் கையை நுழைத்தால் கை சுடும். எருக்குழியில் மார்கழி விடியலில் ஆவி எழுவதையும் பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து யாரும் தீ வைக்கவில்லை. உஷ்ணம் உள்ளேயே பிறக்கிறது. அதே வைக்கோலைக் களத்தில் பரப்பிவிட்டால் சூடு தங்குவதில்லை.

இதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் மேற்பரப்பு 4 மடங்காகும். உள்ளிருக்கும் சரக்கோ 8 மடங்காகும். உஷ்ணம் பிறப்பது சரக்கு முழுவதிலும். அது வெளியேறுவது மேற்பரப்பு வழியாக மட்டுமே. ஆகவே குவியல் பெருகப் பெருக, பிறக்கும் உஷ்ணம் வெளியேறும் உஷ்ணத்தை மிஞ்சுகிறது. உஷ்ணம் ஏறினால் இரசாயன மாறுதல் இன்னும் விரைவாகிறது. அந்த விரைவால் உஷ்ணம் மேலும் ஏறுகிறது. ஒரு கிலோவாக இருக்கையில் சாதுவாக இருந்த பொருள் ஒரு டன்னாக இருக்கையில் வேறு குணம் காட்டுவது இதனால்தான்.

நாப்தால் சிவப்புப் போட்டுப் பழகிய சாயப்பட்டறைக்காரர்கள் இதை வேறு விதத்தில் அறிவார்கள். பேஸை அமிலத்திலும் சோடியம் நைட்ரைட்டிலும் கலக்கும்போது ஐஸ் போட்டு, 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் காப்பார்கள். ஐஸ் குறைந்தால் கரைசல் நுரைத்துப் பழுத்து வீணாகும். சிட்டங்களில் நிறம் ஏறாது. அது சாயமும் அன்று, மூலப்பொருளும் அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள பொருள். இத்தகைய இடைநிலைப் பொருள்களில் பல உஷ்ணத்தைப் பொறுக்காதவை. பட்டறைக்காரர் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கி அன்றே தீர்த்துவிடுகிறார். பெருந்தொழிற்சாலைகள் சில இந்த முறையைக் கைவிட்டதன் விளைவை நம் நாடு இருமுறை கண்டது.

முதலாவது போபால். கரிசல் காட்டுப் பருத்தி விவசாயிகளில் மூத்தவர்கள் 'செவின்' என்ற பூச்சிமருந்தை மறந்திருக்க மாட்டார்கள். கார்பரில் என்னும் அம்மருந்தை 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை செய்தது. யூனியன் கார்பைடு இந்தியக் கம்பெனி போபாலில் அதைச் செய்ய இடைப்பொருளாகப் பயன்படுத்தியது மெதைல் ஐஸோஸயனேட். 39 டிகிரியில் அது கொதித்து ஆவியாகிவிடும். மே மாதத்தில் பாளையங்கோட்டைப் பகற்பொழுதில் நாம் காணும் உஷ்ணமே அதற்குப் போதும். ஆகையால் சுழி டிகிரிக்கு அருகில் குளிர்வித்தே தொட்டியில் வைக்க வேண்டும். ஆனால் குளிர்விக்கும் இயந்திரத்தை 1984 ஜூன் வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, ஏறத்தாழ 42 டன் சரக்கிருந்த 610-ஆம் எண் தொட்டியினுள் தண்ணீர் புகுந்தது. உள்ளே உஷ்ணம் பொங்கி 200 டிகிரியைத் தாண்டியது. வாயு பீறிட்டு ஊரின் மேல் கவிந்தது. மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அத்தனை டன் இடைப்பொருளைச் சேமித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடும் செய்தி. உண்டாக்கிய வேகத்திலேயே பயன்படுத்தித் தீர்க்கும் முறையையும், அப்பொருளே இல்லாமல் கார்பரில் செய்யும் முறையையும் மேல்நாட்டுக் கம்பெனிகள் கையாண்டிருக்கின்றன.

இரண்டாவது விசாகப்பட்டினம். 2020 மே 7-ஆம் தேதி விடியுமுன், எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளிவந்து 12 பேர் உயிரிழந்தனர். ஸ்டைரீன் பிளாஸ்டிக் செய்வதற்கான இடைப்பொருள். அது தன்னோடு தானே பிணைந்து கெட்டியாகும் இயல்புடையது. பிணையும்போது உஷ்ணத்தை வெளியிடும். எனவே குளிர்ச்சியாக வைப்பதோடு, பிணைப்பைத் தடுக்கும் மருந்தையும் சிறிதளவு சேர்த்துவரவேண்டும். ஊரடங்கினால் ஆலை வாரக்கணக்கில் நின்றிருந்தது. சரக்கு தொட்டியில் அசையாமல் கிடந்தது. தடுப்பு மருந்து ஆலையில் இருப்பில் இல்லை. தொட்டியின் அடிப்பாகத்தில்தான் உஷ்ணமானி இருந்தது. அடியில் குளிர்ச்சி காட்டிக்கொண்டிருக்கையிலேயே மேற்பகுதி வெந்துகொண்டிருந்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு இக்குறைகளை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறது.

நம் சங்கங்களில் இத்தகைய தொட்டிகள் இல்லை, அது உண்மையே. ஆனால் நம் கிட்டங்கிகளில் ஹைட்ரோஸ் டிரம்கள் இருக்கின்றன.

முற்காலத்தில் நீலச் சாயக்காரர்கள் தகரை விதையையும் சுண்ணாம்பையும் தாழியில் இட்டு, நாட்கணக்கில் புளிக்கவைத்துத்தான் நீலத்தைக் கரைத்தார்கள். அவ்வேலையை இன்று சில நிமிஷங்களில் முடித்துக் கொடுப்பது ஹைட்ரோஸ் என்னும் சோடியம் ஹைட்ரோஸல்பைட்டு. வாட் சாயங்களுக்கு அது இன்றியமையாதது. ஈரம் பட்டால் சூடேறும், சூடேறினால் சிதையும், சிதைந்தால் கந்தக வாயுவைக் கக்கிக்கொண்டு கனலும். 1995 ஏப்ரல் 21-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்து லோடி என்ற ஊரில், ஹைட்ரோஸையும் அலுமினியப் பொடியையும் கலந்துகொண்டிருந்த இயந்திரத்தினுள் தண்ணீர் கசிந்தது. கலவை சூடேறுவதைக் கண்டு அதை வெளியே எடுக்க முயன்றார்கள். அப்போது நேர்ந்த வெடிப்பில் 5 தொழிலாளர்கள் மாண்டனர்.

இங்கே ஒரு நுட்பத்தை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். ஹைட்ரோஸில் தீப்பற்றினால் மணலைக் கொட்டி மூடிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பயன் தராது. கனன்றெரிய அதற்கு வெளிக்காற்றே தேவையில்லை. குவளை குவளையாகத் தண்ணீர் தெளிப்பதும் ஆபத்து. இடைவிடாமல் ஏராளமான நீரைப் பாய்ச்சினால்தான் அது அடங்கும். சிறிது நீர் மூட்டிவிடும், பெருநீர் அணைத்துவிடும் என்பது விசித்திரமாகத் தோன்றினும் உண்மை. ஆகவே டிரம் சுடுகிறதென்றாலோ, தீக்குச்சி கிழித்தாற்போன்ற கந்தக நெடி அடித்தாலோ, மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. எல்லோரும் காற்று வரும் திசைப் பக்கமாக வெளியேறி, 101-க்குத் தகவல் தந்து, உள்ளே இருப்பது இன்ன சரக்கென்று தீயணைப்புப் படையினருக்குச் சொல்ல வேண்டும். டிரம்மின் மேல் 1384 என்ற எண்ணும், மேற்பாதி வெண்மையும் கீழ்ப்பாதி சிவப்புமான தீச்சுடர்ச் சின்னமும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் போதும், அவர்களுக்கு விளங்கும்.

கிட்டங்கியைப் பற்றிச் சில சொற்கள். நிழலிலேயே 38, 40 டிகிரி காணும் நம் ஜில்லாவில், காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையின் உள்ளே என்ன உஷ்ணம் இருக்குமென்று சொல்ல வேண்டுவதில்லை. ஓட்டுக் கூரையோ கான்கிரீட் கூரையோ உள்ள, ஒழுகாத அறையே ஹைட்ரோஸுக்கு ஏற்றது. டிரம்களைச் சுவரோடு ஒட்டாமல் பலகைச் சட்டத்தின் மேல் வைப்பது நலம். ஒரு டிரம் தீர்ந்த பிறகே மறு டிரம்மைத் திறக்க வேண்டும். அள்ளும் கரண்டி உலர்ந்ததாக இருக்கட்டும். சாயத்தொட்டியில் கலக்கிய ஈரக் கரண்டியை அப்படியே டிரம்முக்குள் விடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெருந்தவறு. நிறுத்து எடுத்ததில் மிச்சமானதைத் திரும்ப உள்ளே கொட்டவும் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஆற்றங்கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகித் தெருக்களில் பாய்ந்தது. அத்தகைய வெள்ளம் தரையில் அடுக்கிய ஹைட்ரோஸ் டிரம்களைத் தொட்டுச் சிறிது சிறிதாக உள்ளே கசியும் நிலையை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை இருப்பை மிகக் குறைவாக வைத்துக்கொள்வதும், அதையும் மேடான இடத்தில் வைப்பதும் அவசியம்.

பெராக்ஸைடு வேறு வகை. நூலை வெளுக்கப் பயன்படும் 50 சதவீதச் சரக்கில் ஒரு லிட்டர் முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் பிராண வாயு பிறக்கும். சுத்தமான கேனில் அது மாதக்கணக்கில் கெடாது. இரும்புத் துரு, பித்தளை, தாமிரம் இவற்றில் ஏதேனும் ஒன்றின் துகள் விழுந்தால் சிதைவு தொடங்கும். உஷ்ணம் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். கேன் மூடியிலுள்ள சிறு துளை வாயு வெளியேறுவதற்காக வைத்தது. சிந்துகிறதே என்று அதை மெழுகினால் அடைத்துவிடும் கெட்டிக்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். கேனைச் சாக்கின் மேலும் வைக்கோலின் மேலும் வைக்கலாகாது. கசிந்தால் அவை தீப்பற்றக்கூடும்.

வண்டியில் ஏற்றும்போது ஹைட்ரோஸையும் பெராக்ஸைடையும் ஒன்றாக ஏற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும்கூட ஹைட்ரோஸின் பக்கத்தில் விடக் கூடாது. மோட்டார் வாகன விதிகளின்படி அபாயச் சரக்கு ஏற்றிவரும் லாரி ஓட்டுநர் அதற்குரிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சரக்கின் தன்மையையும் விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் எழுதிய தாளை உடன் வைத்திருக்கவும் வேண்டும். சரக்கை இறக்குமுன் அத்தாளைக் கேட்டுப் பார்ப்பது காரியதரிசியின் கடமை. நசுங்கிய டிரம்மை ஏற்காமல் திருப்பிவிடலாம். மழை பெய்கையில் இறக்க வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து வீரவநல்லூருக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ ஒரு டிரம்தானே என்று பஸ்ஸில் போட்டனுப்ப எண்ணுவோரும் உண்டு. ஜனங்கள் ஏறும் வண்டி அது.

இனி விலையைப் பற்றி. திறந்து வைத்த ஹைட்ரோஸ் நாளாக ஆக வீரியம் இழக்கிறது. பட்டறைக்காரர் அளவைக் கூட்டிப் போடுகிறார். நிறமும் சிட்டத்துக்குச் சிட்டம் மாறுகிறது. மொத்தக் கொள்முதலில் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கு இப்படியே கரைந்துபோகிறது. பள்ளத்தாக்கிலுள்ள சங்கங்கள் நான்கைந்து ஒன்றுகூடி, வருஷத் தேவை முழுவதற்கும் ஒரே விலை பேசி, சரக்கை மட்டும் மாதத் தவணையில் அவரவர் கிட்டங்கிக்குத் தருவிக்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டால் என்ன? நூலோடு சாயங்களையும் இரசாயனங்களையும் வழங்கிவரும் தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்திடமும் இம்முறையில் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்கும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

காலி டிரம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அவற்றை வாங்கிப்போய் நெல் கொட்டி வைப்பவர்களும் குடிதண்ணீர் பிடிப்பவர்களும் உண்டு. விளிம்பிலும் மூடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தூள் ஈரம் பட்டதும் சூடேறும். காலியானவற்றை வெட்டவெளியில் வைத்து, நிறைய நீர் விட்டு அலசி, அந்த நீரைச் சாயக்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிட்டு, டிரம்களைப் பழைய இரும்புக்கே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.