பழைய கார்களுக்கு ஸ்பிரிங் விறைப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்பிரிங் விறைப்பு என்பது ஒரு ஸ்பிரிங்கைக் குறிப்பிட்ட தூரம் அமுக்க எவ்வளவு விசை தேவை என்பதைச் சொல்லும் அளவு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் இதற்குச் சுருள்வில் மாறிலி என்று பெயர். பாடத்தில் இதன் அலகு நியூட்டன்/மீட்டர். கார் வேலைக்கு நியூட்டன்/மி.மீ. என்று சொல்வது வசதி. 12 நியூட்டன்/மி.மீ. விறைப்புள்ள ஸ்பிரிங்கின் மேல் 12 கிலோ எடை கூடினால் அது ஏறத்தாழ 1 செ.மீ. இறங்கும்.

பிரீமியர் பத்மினி, அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களைக் கண்காட்சிக்காக மட்டுமன்றி, காய்கறி வாங்கவும் மருத்துவமனைக்குப் போகவும் அன்றாடம் ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இத்தகைய காரின் பின்புறம் தாழ்ந்துபோனால் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு சார், கொஞ்சம் கெட்டியா போட்டுடலாம்" என்பதே. அந்தப் பதில் எங்கே தவறுகிறது, விறைப்பை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உயரம் வேறு, விறைப்பு வேறு

மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுப் பத்மினிக்கும் இதுதான் நடந்தது. பின்புறம் தாழ்ந்து, மூவர் ஏறினாலே டயர் மட்கார்டில் உரசியது. ஒரு பட்டறையில் இரு பக்கமும் கமான் பட்டைகளுடன் கூடுதலாக ஒரு பட்டை செருகினார்கள். அது ஏதோ வேனிலிருந்து எடுத்த கனமான பட்டை. கார் நிமிர்ந்து நின்றது, எனக்கும் மகிழ்ச்சி. எண்பதைத் தாண்டிய என் தாயார் முதுகெலும்புத் தேய்வு உள்ளவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்சீட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தவர், மூன்றாம் நாள், "நான் ஆட்டோவுலயே போயிக்கறேன்டா" என்று சொல்லிவிட்டார். பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஹூக் விதி நடத்தியவன், சொந்தக் காருக்கு அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பை முடிவு செய்பவை நான்கு: எஃகின் விறைப்புக் குணகம், கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. ஆண்டுகள் பல ஓடியதால் இவற்றில் எதுவும் குறிப்பிடும்படி மாறுவதில்லை. மாறுவது ஸ்பிரிங்கின் சுமையற்ற நீளம். தொடர்ந்து சுமை தாங்கியதில் எஃகு சிறிது சிறிதாக நிரந்தர வளைவு கொண்டுவிடுகிறது. பட்டை ஸ்பிரிங்கானால் அதன் வில் வளைவு தட்டையாகிறது. ஆகவே தாழ்ந்துபோன ஸ்பிரிங், குட்டையான ஸ்பிரிங். மென்மையான ஸ்பிரிங் அல்ல. 12 நியூட்டன்/மி.மீ. ஆக இருந்தது இன்றும் ஏறத்தாழ 12 தான். துரு மட்டும் விதிவிலக்கு. துரு கம்பியை மெலியச் செய்து விறைப்பைச் சற்றுக் குறைக்கும். அதைவிட மோசம், துருக்குழியில் விரிசல் தொடங்கி ஒருநாள் ஸ்பிரிங் முறியும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓடும் கார்களில் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

உயரமும் விறைப்பும் வேறு வேறு என்பதற்கு அம்பாசடரின் முன்பகுதி நல்ல சான்று. அதில் சுருளுக்குப் பதிலாக முறுக்குக் கம்பி இருக்கிறது. கம்பியின் முனையைப் பொருத்தும் கோணத்தை மாற்றினால் கார் உயரும் அல்லது தாழும். கம்பி அதே கம்பியாதலால் விறைப்பு மாறாது. பட்டை ஸ்பிரிங்கில் இதற்கு இணையான வேலை, பட்டைகளைப் பிரித்து மீண்டும் வளைத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவது. சுருளுக்கு அந்த வழி கிடையாது. அதே விறைப்பில், சரியான நீளத்தில் புதியது வாங்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணம், ஷாக் அப்சர்பர் போனதால் கார் தாழ்ந்தது என்பது. சாதாரண ஷாக் அப்சர்பர் எடையைத் தாங்குவதில்லை. ஊசலாட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை.

அதிர்வெண் என்ற அளவுகோல்

"கெட்டி", "மென்மை" என்ற சொற்கள் தனியே பொருளற்றவை. 12 நியூட்டன்/மி.மீ. ஒரு பத்மினிக்குப் போதும். அதையே லாரிக்குப் போட்டால் லாரி உட்கார்ந்துவிடும். ஒப்பிட உதவுவது, எடையும் விறைப்பும் சேர்ந்து தரும் இயல்பு அதிர்வெண். அதாவது, காரை ஒருமுறை அமுக்கிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட முனைகிறது என்பது. சீரிசை இயக்கப் பாடத்தின் சூத்திரத்திலிருந்து ஓர் எளிய வாய்பாடு கிடைக்கும்: எடையால் ஸ்பிரிங் எத்தனை செ.மீ. அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் அதிர்வெண் ஹெர்ட்ஸில் வரும். 25 செ.மீ. அமுங்கினால் 1 ஹெர்ட்ஸ், 16 செ.மீ. என்றால் 1.25, 9 செ.மீ. என்றால் 1.67.

குடும்பக் கார்களுக்குப் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை வசதியானது. 1-க்குக் கீழே போனால் படகில் போவதுபோல் இருக்கும், சிலருக்குக் குமட்டும். 2-ஐத் தாண்டினால் அது பந்தயக் கார்களின் எல்லை. பின்பக்க அதிர்வெண் முன்பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக இருப்பது நல்லது. முன்சக்கரம் முதலில் மேட்டில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் தாமதத்தை ஈடுகட்டி, கார் முன்னும் பின்னும் தலையாட்டுவது குறையும். 1930-களில் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் எடைகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்துச் சொன்னது இது.

எந்த எடைக்குக் கணக்கிடுவது?

உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரில் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது ஒரு பின்ஸ்பிரிங் 180 கிலோவைத் தாங்குகிறது என்று கொள்வோம். பின்சீட்டில் மூவரும் டிக்கியில் சாமானும் ஏறினால் அது 270 ஆகிறது என்போம். விறைப்பு 12 என்றால், தனியே போகும்போது 1.3 ஹெர்ட்ஸ், முழுச்சுமையில் 1.06. இரண்டும் வசதியானவை. ஆனால் கார் கூடுதலாக 73 மி.மீ. இறங்குகிறது. பம்ப் ஸ்டாப் ரப்பர் 80 மி.மீ. தொலைவில்தான் இருந்தால், மிச்சம் 7 மி.மீ. மட்டுமே, முதல் வேகத்தடையிலேயே "டமார்" என்று இடிக்கும். விறைப்பை 18 ஆக்கினால் இறக்கம் 49 மி.மீ. ஆகக் குறைகிறது, முழுச்சுமையில் 1.3 ஹெர்ட்ஸ். ஆனால் தனியே போகும்போது 1.6 ஆகிவிடுகிறது.

ஆண்டுக்கு இருமுறை ஐந்து பேராகக் காஞ்சிபுரம் போவதற்காக, மீதி நாளெல்லாம் முதுகு வலிக்கப் போகலாமா என்பதே கேள்வி. வாரத்தில் ஆறு நாள் இருவர் மட்டும் போகும் கார் என்றால், அந்த இருவருக்கே கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. முழுச்சுமை நாளில் மெதுவாக ஓட்டினால் போதும். தினமும் நால்வரை ஏற்றிச் செல்லும் காருக்கு 14 அல்லது 15 நியாயமாக இருக்கும்.

நம் தெருக்கள் இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்குகின்றன. இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க அரை நொடி ஆகும். உட்தெருக்களில் உள்ளவை பல, குட்டையான செங்குத்து மேடுகள். 40 செ.மீ. அகல மேட்டை 15 கி.மீ. வேகத்தில் பத்தில் ஒரு நொடியில் கடந்துவிடுகிறோம். அதற்குள் உடற்பகுதிக்கு எழ நேரமில்லை. மேட்டின் உயரத்தை ஸ்பிரிங்கும் டயரும்தான் விழுங்க வேண்டும். ஸ்பிரிங் 10 செ.மீ. அமுங்கினால், விறைப்பு 12-இல் சீட்டை நோக்கிக் கூடுதலாக வரும் விசை 1,200 நியூட்டன், 18-இல் 1,800. என் தாயார் கணக்கில்லாமலே கண்டுபிடித்த வித்தியாசம் இது.

வீட்டு வாசலில் அளப்பது

சமதளத்தில் காரை நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளக்கவும். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைப் பின் அச்சுக்கு நேர் மேலே வருமாறு வைக்கவும். டிக்கியின் கடைசியில் வைத்தால் நெம்புகோல் போல் முன்பக்கம் தூக்கி, கணக்கு பிழையாகும். காரை இரண்டு மூன்று முறை ஆட்டிவிட்டு மீண்டும் அளக்கவும். பட்டைகளுக்கு இடையே உராய்வு இருப்பதால் ஆட்டாமல் அளந்தால் எண் நிலையாக வராது. ஒரு சக்கரத்துக்கு 25 கிலோ, அதாவது 245 நியூட்டன். அதை இறக்கத்தால் வகுத்தால் விறைப்பு. என் காரில் கூடுதல் பட்டையுடன் 13 மி.மீ. இறங்கியது, ஏறத்தாழ 19 நியூட்டன்/மி.மீ. அந்தப் பட்டையை எடுத்தபின் 19 மி.மீ. இறங்கியது, ஏறத்தாழ 13.

ஒரே ஒரு பட்டை ஏன் இவ்வளவு மாற்றியது? பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மி.மீ. பட்டைகள் ஐந்துடன், அதே நீளத்தில் 8 மி.மீ. பட்டை ஒன்றைச் சேர்த்தால் கூடுவது ஐந்தில் ஒரு பங்கு அல்ல, கிட்டத்தட்ட பாதி. சுருளில் இது இன்னும் கூர்மை: கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கு. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 போட்டால் விறைப்பு 38 விழுக்காடு கூடும். சுருளில் ஒரு சுற்றை வெட்டினாலும், சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகினாலும் வேலை செய்யும் சுற்று குறைவதால் விறைப்பு ஏறும். கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கைத் தாழ்த்துவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. எஃகின் பதம் போய்விடும்.

முன்சக்கரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சுருள், சக்கரத்துக்கு நேராக இல்லாமல் அதைத் தாங்கும் கையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 6 மி.மீ. மட்டும் அமுங்கினால், நெம்புகோல் விகிதம் 0.6. விசையும் குறைகிறது, தூரமும் குறைகிறது என்பதால் விகிதத்தை இருமுறை பெருக்க வேண்டும்: 0.36. சக்கரத்தில் 13 வேண்டுமென்றால் ஸ்பிரிங் 36 ஆக இருக்க வேண்டும். சிப்பச் சோதனையை முன்பக்கம் செய்தால் வருவது சக்கரத்தின் எண். கடையில் கேட்க வேண்டியது ஸ்பிரிங்கின் எண்.

ஹெரால்டின் தனிச் சிக்கல்

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் இருந்து தயாரித்த ஹெரால்டில், பின்பக்கம் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங் இரு சக்கரங்களையும் தாங்குகிறது. அச்சுகள் நடுவிலிருந்து இறக்கை போல ஆடும். ஆகவே உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். வளைவு அதிகமான பட்டையைப் போட்டுப் பின்புறத்தைத் தூக்கினால் சக்கரங்களின் கீழ்ப்பகுதி உள்நோக்கி மடங்கும். வேகமாகத் திரும்பும்போது அது ஆபத்து. 1972-இல் வந்த கெசல் காரில் நிறுவனம் இந்த அமைப்பைக் கைவிட்டு முழு அச்சுக்கு மாறியது. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் விறைப்பைப் பற்றி யோசிக்கும் முன் உயரத்தைச் சரியாக்க வேண்டும்.

ஷாக் அப்சர்பர்

விறைப்பைக் கூட்டினால் ஷாக் அப்சர்பரின் வலுவும் அதன் வர்க்கமூல அளவில் கூட வேண்டும். என் காரில் விறைப்பு 1.46 மடங்கானபோது ஷாக் 1.2 மடங்கு வலுவாக இருந்திருக்க வேண்டும். இருந்ததோ எண்ணெய் கசிந்த பழையது. அதனால்தான் மேட்டில் இடித்ததோடு, இறங்கியபின் குதிக்கவும் செய்தது.

கடைசியில் செய்தது இதுதான்: வேன் பட்டையை எடுத்துவிட்டு, பழைய பட்டைகளைப் பிரித்து வளைத்து, புஷ்களும் ஷாக் அப்சர்பர்களும் புதிதாகப் போட்டோம். பழைய உயரம் திரும்பியது. புதிதாக வளைத்த பட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுப் படியும் என்பதால், யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கி, மட்கார்டு அளவை மறுபடி குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு 8 மி.மீ. படிந்தது. அம்மா இப்போது முன்சீட்டைப் பிடிப்பதில்லை. ஆனாலும் துரைசாமி சுரங்கப்பாதை வந்தால் "மெதுவா போ" என்பதை விடவில்லை.