பாசியின் செம்மையும் தாவர இயக்கிகளும்

பாசி என்னும் சொல் பசுமைப் பொருள்தரும் அடியினின்றும் தோன்றியது. பாசடை, பாசிலை முதலிய பழஞ்சொற்களை நோக்க இஃது இனிது விளங்கும். குறுந்தொகை 399ஆம் பாட்டில் பரணர் தலைவியின் பசலையைப் பாசியோடு உவமித்தமை தமிழறிந்தார் யாவரும் அறிந்ததே. ஆயின் பச்சைப் பாசி சிவத்தலும் உண்டு. பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில், கோடையில் நீர்வற்றிய கல்தொட்டி ஒன்றின் அடியில் துருநிறக் கறையொன்றைக் கண்டேன். அஃது இன்ன பாசி என நுண்ணோக்கியின்றித் துணிதல் சாலாது. எனினும் இக்கட்டுரைக்கு வித்திட்டது அக்கறையே.

சிறுகுட்டைகளில் வாழும் ஹீமட்டோகாக்கஸ் என்னும் ஒற்றையணுப் பாசி, நீரும் உணவும் உள்ளவரை பச்சையாய் நீந்தித் திரியும். வெயில் மிக்கு உணவு குறையுங்கால் தடித்த சுவரெழுப்பி உள்ளடங்கி, அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறமியைத் திரட்டிக்கொள்ளும். வெந்த இறாலின் சிவப்பும் இந்நிறமியதே. உலர்ந்த பாசியின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்களவும் இது சேர்தல் உண்டு.

இந்நிறமி தோன்றும் முறையை ஏட்டுச்சுவடியை நினைந்து உணரலாம். மரபணு மூல ஏடு. அதனின்றும் படியெடுக்கப்பெறும் படிகளைக் கொண்டே நொதிகள் உருவாகின்றன. ஒரு நொதி ஃபைட்டோயீனை ஆக்கும். இடைப்பட்ட நொதிகள் அதனைப் பீட்டா கரோட்டீனாக மாற்றும். இறுதியில் கீட்டோலேசு, ஐட்ராக்சிலேசு என்னும் இரண்டும் அதன்மேல் ஆக்சிசனை ஏற்றிச் செம்மையாக்கும். மூல ஏடு மாறுவதில்லை. படிகளின் தொகையே கூடிக் குறைகின்றது. உணவுக்குறையால் இப்படிகள் பெருகுதலை மைசூர் நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் வெளியிட்டனர்.

வெயிலும் பசியும் செய்யும் இவ்வேலையைத் தாவர இயக்கிகளும் செய்கின்றன என்பதே இங்கு நாம் கருதற்குரியது. ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், ஜிப்பெரலின் ஆகியவற்றைப் பாசிநீரிற் கலந்த சீன ஆய்வாளர், கீட்டோலேசு முதலிய நொதிகளின் மரபணுப் படிகள் மிகுதலைக் கண்டனர். எனினும் அளவு முதன்மையானது. மைசூரில் நிகழ்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், சாலிசிலிக் அமிலமும் மெத்தில் ஜாஸ்மோனேட்டும் சிற்றளவில் நிறமியைத் தூண்டின, பேரளவிலோ தடுத்தன.

இவ்விடத்துக் கலைச்சொல் பற்றி ஒன்று கூறல் வேண்டும். இப்பொருள்களை ‘வளர்ச்சி ஊக்கி’ என்று எழுதும் வழக்கு நம்மிடையே பரவியுள்ளது. தடுப்பதனையும் ஊக்கி எனல் யாங்ஙனம் பொருந்தும்? அப்சிசிக் அமிலம் வளர்ச்சியை ஒடுக்குவது. அதுவே இப்பாசியை உள்ளடங்கச் செய்கின்றது. ‘இயக்குநீர்’ என்பதோ நீரல்லாததை நீரென்கின்றது. 1905இல் ஸ்டார்லிங் வழங்கிய ஹார்மோன் என்னும் சொல்லின் கிரேக்க மூலம் ‘இயக்கு’ என்னும் பொருட்டாதலின், ‘இயக்கி’ என்பதே யான் இங்குக் கொண்டது. இந்தியப் பாசியியலுக்கு அடிகோலிய சென்னைப் பல்கலைக்கழகத்து எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) தம் ஆய்வுகளை ஆங்கிலத்திலேயே எழுதினார். சொல்லாக்கப் பணி நமக்கு எஞ்சிநிற்கின்றது.

இச்சொல்லும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. உயர்தாவரங்களில் ஜாஸ்மோனேட்டையும் ஜிப்பெரலினையும் ஏற்றுச் செய்தியை உட்செலுத்தும் ஏற்பிகள், ஆராயப்பெற்ற பச்சைப் பாசிகளின் மரபுத்தொகுதியிற் காணப்படவில்லை. ஆகவே அப்பொருள்கள் பாசிக்குள் முறையான ஏவலாய்ச் செயற்படுகின்றனவோ, அன்றிப் புறத்திருந்து வரும் ஓர் இடராய் அதனை அஞ்சுவித்துச் சிவக்கச் செய்கின்றனவோ என்னும் வினா எழுகின்றது. பின்னதாயின், மல்லிகைக்கு இயக்கியாவது பாசிக்கு இயக்கியாகாது. அதற்கு வேறொரு சொல் வேண்டும்.