மழையின் மேல் பழி

செங்கலுக்கு அருகே செல்லும் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. சுமார் 87 கி.மீ. நீளமுள்ள அதை இரட்டைப் பாதையாக்கும் வேலை ஏன் இத்தனை ஆண்டுகள் இழுத்தது என்று கேட்டால், அன்பர்கள் பலரும் மழையைச் சொல்கிறார்கள். இடவப்பாதியும் துலாமழையும் திட்டம் போடும்போதே தெரிந்தவைதானே! நிலம் கைக்கு வராமல் மண்வேலை இல்லை. மண்வேலை முடியாமல் ஜல்லியும் தண்டவாளமும் இல்லை. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் போனால் முடிவுத் தேதியும் ஒரு நாள் தள்ளும். நடைமேடைக் கூரை தாமதித்தால் அப்படியல்ல.

நிலம் வராத அதே மாதத்தில் காண்டிராக்டரின் யந்திரமும் பழுதாகிக் கிடந்தால்? பொதுவாகக் கால நீட்டிப்பு கிடைக்கும், நஷ்ட ஈடு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் சாட்சி தினசரி டைரிதான். ஒரு பாலத்தில் மூன்று வாரம் நான் எழுதாமல் விட்டேன். மத்தியஸ்தர் அந்த மூன்று வாரத்தைத்தான் கேட்டார்.