கபனாகும் ஞாபகம்

"நான் மௌத்தானா, ஹஜ்ஜுக்குக் கட்டின இஹ்ராமிலயே கபனிடுங்க" என்று சொல்லி, அந்த வெள்ளைத் துணியை அலுமாரியில் மடித்து வைத்திருக்கும் வாப்பாமார் நம்மிடையே உண்டு. மையித்தோடு மோதிரம், பணம் எதையும் அடக்குவது நமது வழக்கமல்ல. அவை வாரிசுகளின் ஹக்கு. கபுறுக்குக் கொண்டுபோகும் ஞாபகம் கபன் துணி மட்டுமே.

இதற்கு முன்மாதிரி உண்டு. ஒரு பெண்மணி தன் கையால் நெய்து கொடுத்த போர்வையை நபி (ஸல்) அவர்கள் உடுத்தி வந்தபோது, ஒரு தோழர் அதைக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் குறைப்பட்டார்கள். உடுப்பதற்கல்ல, தனக்குக் கபனாகவே கேட்டதாக அவர் சொன்னார். அப்படியே நடந்ததாக ஸஹ்ல் (ரழி) அறிவிப்பது ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது.

அபூபக்ர் (ரழி) அவர்களோ, நோயில் உடுத்தியிருந்த பழைய துணியைக் கழுவி, அதனுடன் வேறு இரண்டைச் சேர்த்துக் கபனிடச் சொன்னார்கள். புதியது உயிரோடிருப்பவருக்கே அதிகம் தேவை என்பது அவர்களின் நியாயம்.

இஹ்ராம் இரண்டு துண்டு; ஆணின் கபனுக்கு மூன்று வழக்கம். ஒன்றைச் சேர்த்தால் போதும். ஆனால் ஜனாஸா அவசரத்தில் கடையிலிருந்து புதுத்துணி வந்துவிடும். அலுமாரித் துணி அங்கேயே கிடக்கும். பிள்ளைகளிடம் இப்பவே சொல்லி வையுங்கள்.