தந்தையாம் கடவுளுக்கு நன்றி (கத்தோலிக்கம்)

தந்தையாம் கடவுளுக்கு நன்றி என்பது, அன்பு மிகுந்தவரும் எல்லாம் வல்லவருமான கடவுளைத் தந்தை என ஏற்று, அவரிடமிருந்து பெற்ற நன்மைகளை அறிந்து போற்றும் மனநிலையையும் அதிலிருந்து பிறக்கும் வழிபாட்டையும் குறிக்கும் கத்தோலிக்கக் கருத்தாகும். கத்தோலிக்க திருச்சபையின் தலையாய வழிபாடான திருப்பலி முழுவதும் இத்தந்தைக்குச் செலுத்தப்படும் நன்றியே எனத் திருச்சபை போதிக்கிறது. தமிழ்நாட்டில் இக்கருத்து எந்தச் சொற்களால் சொல்லப்பட்டது, மக்கள் வாழ்வில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை அறியக் கள்ளக்குறிச்சி மாவட்டமும், அதன் மேற்கே உயரும் கல்வராயன் மலையும் சேர்ந்த நிலப்பகுதி தக்க எடுத்துக்காட்டாக அமைகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கத்தோலிக்க ஆட்சி அமைப்பில் இப்பகுதி புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

சொற்பொருள்

திருப்பலியைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் "யூக்கரிஸ்தியா" என்பதாகும். இதற்கு நன்றி செலுத்துதல் என்பதே நேர்ப்பொருள். தமிழில் இது "நற்கருணை" என வழங்குகிறது. கடவுள் மனிதருக்குக் காட்டும் இரக்கத்தை இச்சொல் அழகாகச் சுட்டினாலும், மனிதர் கடவுளுக்குச் செலுத்தும் நன்றி என்னும் மூலப்பொருள் இதில் மறைந்துவிடுகிறது. திருப்பலி அடிப்படையில் ஒரு நன்றி வழிபாடு என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் பலர் மறைக்கல்வி வகுப்பில் விளக்கம் கேட்டே அறிகின்றனர்.

இந்தக் குறையைத் தமிழின் "நன்றி" என்னும் சொல் ஓரளவு ஈடு செய்கிறது எனலாம். பழந்தமிழில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் "செய்ந்நன்றி அறிதல்" என்பதாகும். அதாவது, செய்யப்பட்ட நன்மையை அறிவதே பண்பு. அதைத் திருப்பிக் கொடுப்பது அதன் பின் வருவது. கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ் (1225-1274) தமது "இறையியல் சுருக்கம்" என்னும் நூலில் நன்றிகேட்டைப் படிகளாகப் பிரிக்கும்போது ஏறத்தாழ இதே வரிசையைத் தருகிறார். கைம்மாறு செய்யாமை முதற்படி. பெற்றதைப் பாராட்டிச் சொல்லாமை அடுத்த படி. பெற்றதையே உணராமல் மறந்துவிடுவது எல்லாவற்றிலும் கொடியது. நன்றிக்கடன் சட்டத்தால் தண்டக்கூடிய கடன் அன்று, அது அன்பிலிருந்து எழுவது, செலுத்தச் செலுத்த வளர்வது என்றும் அவர் விளக்குகிறார்.

எனினும் பேச்சுத் தமிழில் "நன்றிக்கடன்", "நேர்த்திக்கடன்" என்று கடன் என்னும் சொல்லே முன் நிற்கிறது. கடவுளோடு மனிதர் கொண்டுள்ள உறவு கடன்பட்டவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் உள்ள உறவா, அல்லது பிள்ளைக்கும் தந்தைக்கும் உள்ள உறவா என்பதே இக்கருத்தின் மையக் கேள்வியாகும்.

தம்பிரானும் தந்தையும்

இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய "தம்பிரான் வணக்கம்" 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இயேசு சபைத் துறவி அண்டிறீக்கு அடிகளார் (என்றிக்கே என்றீக்கசு) இதனைத் தமிழில் ஆக்கினார். இதில் கடவுளைக் குறிக்கும் "தம்பிரான்" என்னும் சொல்லுக்குத் தலைவர், ஆண்டவர் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நோபிலி "சருவேசுரன்" என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். எல்லாவற்றுக்கும் தலைவர் என்பது அதன் பொருள். ஆகவே தமிழ்க் கத்தோலிக்கரின் நாவில் பல தலைமுறைகளாகப் பழகிய கடவுட்பெயர்கள் ஆற்றலையும் ஆட்சியையும் முன்னிறுத்தியவை. "பிதா" என்னும் சொல் செபங்களில் இருந்தபோதும் அது வடமொழிச் சொல். வீட்டில் எவரும் தகப்பனை அப்படி அழைப்பதில்லை.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் (1962-1965) தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்த பின்னர் "தந்தை" என்னும் சொல் பிதாவின் இடத்தைப் பெற்றது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதனை நிலைநிறுத்தியது. இயேசு கடவுளை அழைக்கப் பயன்படுத்திய "அப்பா" என்னும் அரமேயச் சொல் தமிழ் "அப்பா"வோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது ஒரு தற்செயலான ஒற்றுமை. இரு மொழிகளுக்கும் உறவு ஏதுமில்லை. ஆயினும் பிற மொழியினர் அடிக்குறிப்பின் துணையோடு புரிந்துகொள்ளும் ஒரு நெருக்கத்தைத் தமிழ்ச் சிறுவன் விளக்கம் இன்றியே உணர்கிறான். புதிய ஏற்பாட்டில் இச்சொல் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது (மாற்கு 14:36, உரோமையர் 8:15, கலாத்தியர் 4:6).

இவற்றுள் உரோமையர் திருமுகம் அச்சத்தில் வாழும் அடிமையையும், உரிமையோடு அப்பா என்று அழைக்கும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. கல்வராயன் மலையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இந்த வேறுபாடு வெறும் உவமையாகத் தோன்றாது. அம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் பெயர்களால் அறியப்பட்ட மூன்று சாகிர்களாக இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் சாகிர்தார்களுக்கு வரியும் ஊழியமும் செலுத்தி வந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் இம்முறை முடிவுக்கு வந்து நிலம் அரசின் கைக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் இந்தியச் சட்டமும் அதே 1976ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மலையாளி மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். அவர்களது பெருந்தெய்வம் கரியராமர். இங்கு அவர்களைக் குறிப்பிடுவதற்குக் காரணம் வேறு. ஆண்டவருக்குச் செலுத்தும் ஊழியம் எத்தகையது என்பதற்கு இப்பகுதியிலேயே உள்ள சான்று அதுவாகும். பெற்ற கடனுக்கு உழைத்துத் தீர்க்கும் அந்த நிலையைக் கத்தோலிக்கப் போதனை கடவுள் உறவுக்கு ஒப்பாகக் கொள்வதில்லை. மனிதரின் நன்றி கடவுளுக்கு எதையும் கூட்டுவதில்லை, அது நன்றி சொல்வோருக்கே பயன் தருகிறது என்று திருப்பலியின் பொதுத் தொடக்கவுரைகளுள் ஒன்று கூறுகிறது. நன்றி சொல்லும் ஆற்றலும் அவர் தந்த கொடையே என்பது அதன் கருத்து.

அன்பும் ஆற்றலும்

திருச்சபையின் நம்பிக்கை அறிக்கை கடவுளின் பண்புகளுள் எல்லாம் வல்ல தன்மையை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதுவும் "தந்தை" என்னும் சொல்லோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்விரண்டையும் ஒன்றையொன்று விளக்குவனவாகக் காண்கிறது. அன்பில்லா ஆற்றல் கொடுங்கோன்மை ஆகும். ஆற்றலில்லா அன்பு பரிவோடு நின்றுவிடும். கடவுளின் ஆற்றல் மனம்போன போக்கில் செயல்படுவது அன்று எனவும், மன்னிப்பதில்தான் அது மிகத் தெளிவாக வெளிப்படுகிறது எனவும் அந்நூல் கூறுகிறது. லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் உவமையில் தந்தை ஓடிச்சென்று மகனைத் தழுவுவது இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளுமாறு கேட்க எண்ணி வந்த மகனை, அச்சொல்லைச் சொல்லி முடிக்கவே அவர் விடுவதில்லை.

கடவுள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர் என்றும், தாய்மையின் உருவத்தாலும் அவரது பரிவைச் சொல்லலாம் என்றும் மறைக்கல்வி நூல் விளக்குகிறது. மனிதத் தந்தையர் தவறக்கூடியவர்கள், தந்தை என்னும் முகத்தையே அவர்கள் சிதைத்துவிடவும் கூடும் என அது ஒப்புக்கொள்வது கவனிக்கத்தக்கது. குடியால் சீரழிந்த வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தந்தை என்னும் சொல் ஆறுதலாக ஒலிக்க வேண்டும் என்பதில்லை.

வழிபாட்டில்

திருப்பலியின் நடுப்பகுதியான நற்கருணை மன்றாட்டு, மகன் வழியாகத் தூய ஆவியில் தந்தையை நோக்கிச் சொல்லப்படுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் "பரலோக மந்திரம்" எனப் பழைய வழக்கில் அழைக்கும் இயேசு கற்பித்த செபம் அதைத் தொடர்ந்து வருகிறது. ஆண்டின் கடைசி நாளில் "தே தேயும்" என்னும் பழைய இலத்தீன் நன்றிப் பாடலைப் பாடுவது திருச்சபை மரபு. தமிழ்நாட்டின் பங்குகளில் டிசம்பர் 31 இரவு நன்றி வழிபாடும், நள்ளிரவில் புத்தாண்டுத் திருப்பலியும் நடைபெறுகின்றன.

தந்தையாம் கடவுளுக்கெனத் தனித் திருவிழா எதுவும் பொதுத் திருவழிபாட்டு நாட்காட்டியில் இல்லை. அத்தகைய விழாவைக் கேட்டவர்களுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் இசைவளிக்கவில்லை என்பதைப் பதின்மூன்றாம் லியோ தமது 1897ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவுகூர்கிறார். மூவொரு கடவுளைப் பிரித்து வழிபடும் போக்குக்கு இடம் தரக்கூடாது என்பதே காரணம். பின்னர் 2000ஆம் ஆண்டு யூபிலிக்கு ஆயத்தமாக 1999ஆம் ஆண்டைத் தந்தையாம் கடவுளின் ஆண்டாகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அமைத்தார்.

கள்ளக்குறிச்சிப் பகுதியில்

தந்தைக்கு விழா இல்லாததால் மக்களின் நன்றி பெரும்பாலும் மரியாவின் திருத்தலங்களில் வெளிப்படுகிறது. உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்தில் உள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680-1747) பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பினார். தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்த மரியாவை அவர் அங்கு மக்களுக்குக் காட்டினார். சனவரியில் நடக்கும் அதன் ஆண்டுத் திருவிழாவுக்குச் சுற்று வட்டார மக்கள் திரளாக வருகின்றனர். வீரமாமுனிவரின் தேம்பாவணி காப்பியம் இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. அவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் "சூசையப்பர்" என்று அழைப்பதால், "அப்பர்" என்னும் சொல் கடவுளுக்கு முன் ஒரு தச்சருக்கு உரியதாயிற்று.

அறுவடையை ஒட்டிவரும் பொங்கலைக் கோவில் வளாகத்திலேயே புதுப்பானையில் பொங்கலிட்டுத் திருப்பலியோடு கொண்டாடும் வழக்கமும் சங்கத்திற்குப் பின் தமிழகத்தில் பரவியது. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் இப்பகுதிக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழையே கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கிச் சமவெளி வயல்களை நனைக்கிறது. தந்தை நல்லோர்மீதும் தீயோர்மீதும் மழை பொழியச் செய்கிறார் என்னும் மத்தேயு நற்செய்திக் கருத்தை (5:45) இங்கே மறையுரையாற்றுவோர் விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

எறையூர்

ஆனால் ஒரே தந்தைக்கு நன்றி சொல்வோர் ஒருவருக்கொருவர் உடன்பிறந்தோர் ஆக வேண்டும் என்னும் நிபந்தனை இப்பகுதியில் எளிதாக நிறைவேறவில்லை. உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள எறையூர், செபமாலை அன்னை ஆலயத்தைக் கொண்ட பழைய கத்தோலிக்க ஊர். அங்கு வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் வாழ்கின்றனர். ஆலயத்திற்குச் செல்லும் தெரு, இறந்தோரின் ஊர்வலம், கல்லறை ஆகியவற்றில் தங்களுக்குச் சம உரிமை இல்லை எனத் தலித் கிறித்தவர்கள் முறையிட்டனர். தங்களது சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரி அவர்கள் போராடியபோது, 2008 மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர்.

இரு பிரிவினரும் ஒரே பரலோக மந்திரத்தைச் சொல்பவர்கள். அச்செபத்தில் தந்தையை அழைப்பவர் "என்" என்னாமல் பன்மையில் அழைப்பது இறையியலாளர் பலர் விரித்துரைத்த செய்தி. ஒருவர் தமக்கு அடுத்தவரை உடன்பிறந்தவராக ஏற்க மறுக்கும்போது அவரது செபம் என்ன ஆகிறது என்பது எறையூரில் நூலறிவு சார்ந்த வினாவாக இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் ஆற்றல்பெறுதல் குறித்த கொள்கை ஆவணம் சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவம் என்று கூறியது. லூக்கா நற்செய்தியில் (17:11-19) நலம் பெற்ற பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்து நன்றி சொன்னவர், யூதர் தாழ்வாகக் கருதிய சமாரியர் ஒருவரே என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

துன்பமும் நன்றியும்

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளும் இருந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. இத்தகைய நிகழ்வின்முன் எல்லாம் வல்ல தந்தைக்கு நன்றி என்பது எப்பொருளில் சொல்லப்படும் என்னும் கேள்வி எழுவது இயல்பு. எவருடைய சமயமாயினும் சாவு வீட்டில் நன்றி என்னும் சொல் உறுத்தவே செய்யும்.

கத்தோலிக்க மரபு இதற்கு முழுமையான விடை தருவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. தீமைக்காக நன்றி சொல்லுமாறும் அது கேட்பதில்லை. தெசலோனிக்கர் முதல் திருமுகம் (5:18) எல்லாச் சூழலிலும் நன்றி கூறப் பணிக்கிறதே அன்றி, எல்லாச் சூழலுக்காகவும் நன்றி கூறப் பணிக்கவில்லை என விளக்கவுரையாளர்கள் வேறுபடுத்துவர். திருப்பாடல்களில் பெரும்பகுதி புலம்பல் பாடல்களாக இருப்பதையும், யோபு கடவுளிடம் வழக்காடியதையும் திருச்சபை மறைக்கவில்லை.

மாற்கு நற்செய்தியில் "அப்பா" என்னும் சொல் வரும் ஒரே இடம் கெத்சமனித் தோட்டம் ஆகும். கைதாவதற்குமுன் இயேசு கடவுளை அப்பா என அழைத்து, அவரால் எல்லாம் கூடும் என்று அறிக்கையிட்டு, துன்பத்தை அகற்றுமாறு வேண்டுகிறார். அன்பும் ஆற்றலும் ஒரே மூச்சில் சொல்லப்படும் அவ்விடத்தில் வேண்டுதல் கேட்டபடி நிறைவேறவில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்னர்தான், இறுதி இராவுணவில், அவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்து நன்றி செலுத்தினார். திருப்பலி அந்த உணவின் நினைவாக நடைபெறுவது. இறந்தோரை நினைவுகூரும் மன்றாட்டு அதில் தனியாக வைக்கப்படவில்லை. தந்தைக்கு நன்றி கூறும் நற்கருணை மன்றாட்டின் உள்ளேயே அது இடம்பெறுகிறது.